டிரைவ் மோட்டாரை நிறுத்தினால்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

டிரைவ் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. அதன் திரையில் 'ஓவர் கரன்ட்' என்று வந்தால், தன் வழியாகப் போகும் மின்னோட்டம் அளவு மீறியதைக் கண்டு டிரைவ் நின்றிருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பேரிங் இறுகியதா, கேபிள் கசிகிறதா, யாரேனும் மோட்டாரை மாற்றிவிட்டு, டிரைவில் இட்ட அளவுகளை (பாராமீட்டர்) மாற்ற மறந்தார்களா என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். "டிரைவ் போய்விட்டது, புதிது எடுத்து வாருங்கள்" என்று அழைத்த இடங்களில் பெரும்பாலும் டிரைவ் நன்றாகவே இருந்தது. குற்றம் மோட்டாரிலோ கேபிளிலோ இருந்தது. அதைவிட அதிகமாக, இரண்டும் சேரும் டெர்மினல் பாக்ஸில் இருந்தது. உப்புக் காற்று வீசும் நம் ஊரில் அந்தச் சிறு பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

டிரைவுக்குள் நடப்பது மூன்று கட்டம். உள்ளே வரும் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் டையோடுகள் வழியாக நேர்மின்சாரமாகிறது. ஏறக்குறைய 560 முதல் 590 வோல்ட் வரையான அந்த நேர்மின்சாரத்தைப் பெரிய கப்பாசிட்டர்கள் தேக்கி வைத்துக்கொள்கின்றன. அதை ஐஜிபிடி எனப்படும் ஆறு மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்கு அனுப்புகின்றன.

நடுவில் இருக்கும் கப்பாசிட்டர்தான் ஆளைக் கொல்வது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்னேற்றம் இருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மூடியிலேயே எழுதியிருப்பார்கள். சிறியவற்றில் 5 நிமிடம், பெரியவற்றில் 15 நிமிடமும் அதற்கு மேலும் இருக்கும். அந்த நேரம் முடிந்த பிறகும், மின்னேற்றத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகும், மல்டிமீட்டரை டிசி (நேர்மின்சார) அளவில் வைத்து கூட்டல், கழித்தல் குறியிட்ட முனைகளில் அளந்து பாருங்கள். 50 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்க்காமல் எந்த முனையையும் தொட வேண்டாம். எத்தனை அவசரமாக உற்பத்தி நின்றிருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரீசெட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுக் குறியீடு என்ன, டிரிப் ஆன (பழுதைக் கண்டு டிரைவ் நின்ற) நொடியில் அதிர்வெண், மின்னோட்டம், டிசி வோல்டேஜ் எவ்வளவு என்பதைப் பெரும்பாலான டிரைவ்கள் பழுது வரலாற்றில் சேர்த்து வைத்திருக்கும். நின்றது கிளம்பும்போதா, சீராக ஓடும்போதா, நிறுத்தும்போதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மிட்சுபிஷி டிரைவ்களில் இந்த வேறுபாடு குறியீட்டிலேயே இருக்கிறது: ஓசி1 என்றால் வேகம் ஏறும்போது வந்த ஓவர் கரன்ட், ஓசி2 சீரான ஓட்டத்தில் வந்தது, ஓசி3 வேகம் இறங்கும்போது வந்தது. இப்படிப் பிரித்துச் சொல்லாதவற்றில் இயக்குபவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

எர்த் ஃபால்ட் (எர்த்துக்கு மின்கசிவு), ஷார்ட் சர்க்யூட் (குறுக்குச் சுற்று) என்று வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப ரீசெட் செய்ய வேண்டாம். டான்ஃபாஸ் டிரைவில் இவை அலாரம் 14, 16 என்று வரும். ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்கும்போதும் குறுக்குச் சுற்று மின்னோட்டம் ஐஜிபிடி வழியாகவே பாய்கிறது. மோட்டாரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிரைவையும் சேர்த்து இழுப்பது இப்படித்தான்.

டிரைவா, வெளியேயா?

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். மின்சாரத்தை அணைத்து, காத்திருந்து, அளந்துவிட்டு, டிரைவின் யு, வி, டபிள்யு முனைகளிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றுங்கள். முனைகளை விலக்கி டேப் சுற்றுங்கள். டிரைவை, வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் ஏற்றும் சாதாரண வி/எஃப் முறைக்கு மாற்றி வெறுமனே ஓட்டுங்கள். மோட்டார் இல்லாததால் 'அவுட்புட் பேஸ் இல்லை', அதாவது வெளியே போகும் மும்முனையில் ஒன்று போகவில்லை, என்று சில டிரைவ்கள் சொல்லும். சோதனை முடியும்வரை அந்தக் கண்காணிப்பை மட்டும் அணைத்து வையுங்கள். வெறுமனே ஓடும்போதும் அதே பழுது வந்தால் குற்றம் டிரைவில். வரவில்லை என்றால் டிரைவை விட்டுவிட்டு கேபிளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

டிரைவின் மீதே சந்தேகம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை டையோடு அளவில் வைத்து, சிவப்பு முனையை டிசி கழித்தலில் வைத்துக் கறுப்பு முனையால் யு, வி, டபிள்யு மூன்றையும் தொடுங்கள். அடுத்துக் கறுப்பை டிசி கூட்டலில் வைத்துச் சிவப்பால் மூன்றையும் தொடுங்கள். ஆறு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக, 0.3 முதல் 0.5 வோல்ட் வரை வர வேண்டும். ஒன்று மட்டும் சுழியம் காட்டினால் அந்த ஐஜிபிடி வெந்துவிட்டது. இதைக் கண்டபின் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

எர்த் ஃபால்ட், அதுவும் காலையில் மட்டும்

நம் பகுதியில் அதிகம் வருவது இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலை. டப்பாக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் 5.5 கிலோவாட் மோட்டார், அதாவது ஏழரைக் குதிரைத்திறன். இரவில் நிறுத்திவிடுவார்கள். விடியற்காலையில் ஓட்டினால் எர்த் ஃபால்ட் வரும். நாலைந்து முறை ரீசெட் செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும். "வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது சார். டிரைவுக்குள் ஏதோ கார்டு கெட்டிருக்கிறது" என்றார் ஆலையைப் பார்த்துக்கொள்பவர். அவர் சொன்னதில் முதல் பாதியிலேயே விடை இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்கே போனேன். டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றி, கேபிளும் மோட்டாரும் சேர்ந்த நிலையில் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் அளந்தேன்: 0.2 மெகாஓம், மிகக் குறைவு. மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். மூடியின் நான்கு திருகுகளில் ஒன்று இல்லை. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் கேஸ்கட் விரல் பட்டதும் உதிர்ந்தது. கேபிள் மேலிருந்து கீழாக உள்ளே நுழைந்திருந்தது. கேபிள் நுழையும் வாயில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் ஓர் அளவு பெரியது, இடைவெளியில் துணி அடைத்திருந்தார்கள். டெர்மினல் பிளாக்கில் பித்தளைத் தண்டுகளுக்கு நடுவே பச்சைப் பொடி பூத்திருந்தது. அதன் மேல் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி ஓரம் கட்டுமே, அதுபோல் வெள்ளையாக ஒரு படலம். தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

கேபிளையும் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச்சுருள்) முனைகளையும் பிளாக்கிலிருந்து பிரித்துத் தனித்தனியே அளந்தபோது கேபிள் 200 மெகாஓமுக்கு மேல், வைண்டிங் 60 மெகாஓம். வெறும் டெர்மினல் பிளாக்கில் தண்டுக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவேதான் அந்த 0.2. உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்கு வழி விடுகிறது. வெயில் ஏறியதும் காய்ந்து வழியை அடைத்துவிடுகிறது. பிளாக்கை மாற்றினோம், கேஸ்கட் போட்டோம், சரியான கிளாண்ட் பொருத்தினோம். கேபிளைக் கீழே ஒரு வளைவு இறக்கி அடிப்பக்கமாக நுழைத்தோம். மழைநீர் வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். டிரைவைத் தொடவே இல்லை.

டிரைவ் இந்தக் கசிவை அறிவது எளிய கணக்கில்தான். மூன்று பேஸ்களிலும் போகும் மின்னோட்டத்தின் கூட்டல் எப்போதும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சம் எர்த்துக்குப் போகிறது. ஆகவே எர்த் ஃபால்ட் என்று டிரைவ் சொன்னால் பெரும்பாலும் அது உண்மை. மெக்கர் எடுக்கும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். டிரைவில் கேபிள் இணைந்திருக்கும்போது மெக்கர் போடவே கூடாது. 500 வோல்ட் பின்னோக்கிப் போய் ஐஜிபிடியைக் கொன்றுவிடும். இரண்டாவது, முள் ஏறிய உடனே படிக்காமல் ஒரு நிமிடம் பிடித்திருந்து படிக்க வேண்டும். ஆயிரம் வோல்ட்டுக்குக் கீழான மோட்டார்களுக்கு 40 டிகிரி வெப்பத்தில் 5 மெகாஓம் என்பது ஐஇஇஇ 43 தரம் சொல்லும் கீழ் எல்லை. அந்த எல்லையில் நிற்கும் மோட்டாரை நான் நல்ல மோட்டார் என்று சொல்ல மாட்டேன். நல்ல வைண்டிங் நூற்றுக்கு மேல் காட்டும். 20க்குக் கீழே வந்துவிட்டால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

வைண்டிங்கின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த அளவு ஏறக்குறையப் பாதியாகும். அப்படியென்றால் இயல்பாகக் குளிர்ந்த காலையில்தான் கூடுதலாகக் காட்ட வேண்டும். காலையில் குறைவாகவும் நண்பகலில் அதிகமாகவும் காட்டினால் ஈரம் என்பதில் ஐயமே வேண்டாம். இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: காலையில் நன்றாகக் கிளம்பி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எர்த் ஃபால்ட். அதைக் குளிர்ந்தபின் அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். டிரிப் ஆன உடனே, டிசி வோல்டேஜ் இறங்கியதும், சூட்டோடு சூடாக மெக்கர் போட வேண்டும். வைண்டிங் விரியும்போது திறக்கும் விரிசல் அப்போதுதான் அகப்படும். அது ரீவைண்டிங், அதாவது சுருளைப் புதிதாகச் சுற்றும் வேலை.

எல்லா அளவும் சரி, ஆனாலும் எர்த் ஃபால்ட் வருகிறது என்றால் கேபிளின் நீளத்தைக் கேளுங்கள். நீண்ட கேபிள் தானே ஒரு கப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும். ஐஜிபிடி வெட்டி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் மின்னோட்டம் எர்த்துக்கு ஒழுகும். டிரைவின் கேரியர் அதிர்வெண்ணை, அதாவது ஐஜிபிடி வெட்டும் வேகத்தை, 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 அல்லது 2 ஆக்கியதும் டிரிப் நின்றுவிட்டால் காரணம் இதுதான். மோட்டார் சற்று இரைந்து பாடும், பரவாயில்லை. ஒரே டிரைவில் பல மோட்டார் இருந்தால் எல்லாக் கேபிள்களின் நீளத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

நீண்ட கேபிளில் இன்னொரு கேடும் இருக்கிறது. டிரைவின் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது டிசி வோல்டேஜின் இரு மடங்கு வரை, அதாவது 1,100 வோல்ட்டுக்கு மேலும் அங்கே எழும்பும். அந்த அடியை முதலில் வாங்குவது வைண்டிங்கின் முதல் சில சுற்றுகள். ரீவைண்டிங் செய்து வந்த மோட்டார் ஆறு மாதத்தில் மறுபடி எரிந்தால், எரிந்த இடம் சுருளின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீவைண்டிங் செய்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. டிரைவுக்கு ஏற்ற இரட்டைப் பூச்சுக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள்; டிரைவின் வெளிமுனையில் சோக் எனப்படும் கம்பிச்சுருள் அல்லது துடிப்பின் ஏற்றத்தைத் தணிக்கும் ஃபில்டர் போடுங்கள்.

ஓவர் கரன்ட்

கிளம்பும்போது வருகிறதா? முதலில் இணைப்பைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். தனியே நன்றாக ஓடினால் பம்பு, கியர்பாக்ஸ், பெல்ட், பிரேக் என்று இயந்திரப் பக்கம் போங்கள். தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காற்றிலேயே பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கும் விசிறியை டிரைவ் ஓட்ட முயன்றாலும் இதே பழுதுதான் வரும். சுழலும் மோட்டாரைப் பிடித்தெடுக்கும் வசதியை டிரைவில் இயக்கினால் தீரும். எதுவும் இல்லையென்றால் வேகமேற்றும் நேரத்தை 5 நொடியிலிருந்து 10, 15 என்று கூட்டிப் பாருங்கள்.

இணைப்பைக் கழற்றியும் வெறும் மோட்டார் டிரிப் ஆனால் டெர்மினல் பாக்ஸில், சுருள்களை ஸ்டார், டெல்டா என்ற இரு முறைகளில் ஒன்றில் இணைக்கும் பட்டைகளைப் பாருங்கள். சேதராப்பட்டில் ஓர் ஆலையில் 1.5 கிலோவாட் கியர் மோட்டார் ரீவைண்டிங் முடிந்து வந்தது. வந்த அன்றே 6 ஹெர்ட்ஸ் தாண்டுவதற்குள் ஓவர் கரன்ட். மோட்டாரின் பெயர்த் தகட்டில் டெல்டாவுக்கு 230, ஸ்டாருக்கு 400 வோல்ட் என்று எழுதியிருந்தது. பட்டைகளோ டெல்டாவில் போடப்பட்டிருந்தன. 230 வோல்ட்டுக்கான சுருளுக்கு 415 வோல்ட் கணக்கில் ஊட்டினால் மோட்டாரின் இரும்பு காந்தப்புலத்தால் தெவிட்டி மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். மூன்று பட்டைகளை மாற்றிப் போட்டதும் ஓடியது. நம் நாட்டு மோட்டார்களில் பொதுவாக 3 குதிரைத்திறன் வரை ஸ்டார், 5க்கு மேல் டெல்டா என்பது பழக்கம். பழக்கத்தை நம்பாமல் தகட்டைப் படியுங்கள். டெல்டாவில் ஓட வேண்டியது ஸ்டாரில் இருந்தால் திருகுவிசை மூன்றில் ஒன்றாகிவிடும். அப்போது சுமையை இழுக்க முடியாமல் திணறி ஓவர்லோடில் நிற்கும்.

பட்டைகளும் சரி என்றால் பாராமீட்டர். மோட்டாரின் அடிப்படை அதிர்வெண் 50 என்று இருக்க வேண்டிய இடத்தில் தயாரிப்பாளர் இட்டு அனுப்பியபடியே 60 இருந்துவிடும். 415 வோல்ட்டை 50 ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட், 60 ஆல் வகுத்தால் 6.9தான். மோட்டாருக்குத் தேவையான ஊட்டம் கிடைக்காது, சுமை ஏறியதும் மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கும். மாறாக, குறைந்த வேகத்தில் வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் டார்க் பூஸ்ட்டை யாரேனும் அளவுக்கு மேல் ஏற்றிவைத்திருந்தால் குறைந்த வேகத்திலேயே இரும்பு தெவிட்டிவிடும். மோட்டாரை மாற்றினால் தகட்டு விவரம் முழுவதையும் புதிதாக இட்டு, டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்ளும் ஆட்டோ டியூனிங்கையும் மறுபடி செய்ய வேண்டும். அதை மோட்டார் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சூட்டில் எடுத்த மின்தடை அளவு டிரைவைக் கடைசிவரை தவறாக நடத்தும்.

சீரான ஓட்டத்தில் திடீரென்று வந்தால் சுமை சிக்கியதா என்று பாருங்கள். அடுத்து, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே இணைப்பைத் துண்டிக்கும் கான்டாக்டரோ ஐசொலேட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது அது ஒரு கணம் விலகிச் சேர்ந்தாலே டிரிப் ஆகும். பழைய ஸ்டார்ட்டரிலிருந்து டிரைவுக்கு மாற்றிய இடங்களில் மோட்டாரோடு இணைத்த பவர் ஃபேக்டர் கப்பாசிட்டரைக் கழற்றாமல் விட்டிருப்பதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். டிரைவின் வெளிமுனையில் கப்பாசிட்டர் இருக்கவே கூடாது.

மோட்டார் கொதிக்கிறது, ஓவர்லோடு வருகிறது

டிரைவில் இட்ட மோட்டார் மின்னோட்டமும் தகட்டில் உள்ளதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இது கூட்டி இடப்பட்டிருந்தால் டிரைவ் வாய் திறக்காமல் மோட்டாரை எரிய விடும். டிரைவ் மோட்டாரின் சூட்டை அளப்பதில்லை, மின்னோட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறது. வைண்டிங்குக்குள் சூட்டை அறியும் பிடிசி உணரி இருந்தால் அதை டிரைவில் இணைத்துவிடுங்கள்; கணக்கைவிட அது நம்பகமானது.

மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. 15, 20 ஹெர்ட்ஸில் மோட்டாரைப் பல மணி நேரம் ஓட்டினால் விசிறியும் மெல்லத்தான் சுற்றும், சுமை மட்டும் குறையாது. கன்வேயர், எக்ஸ்ட்ரூடர், கலக்கி போன்றவற்றில் இது நேரும். தனி மோட்டாரில் ஓடும் குளிர்விப்பு விசிறி வைப்பதுதான் வழி. பம்பிலும் காற்றூதியிலும் சிக்கல் வேறு பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று யாரேனும் அதிகபட்ச அதிர்வெண்ணை 50லிருந்து 55 ஆக்கியிருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு வேகம்தானே என்று தோன்றும். ஆனால் இவற்றில் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 1.1 ஐ மூன்று முறை பெருக்கினால் 1.33. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை மோட்டாரின் தலையில் ஏறிவிட்டது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்பு உடைக்கும் இடங்களில் மோட்டாரின் விலாத் தகடுகளுக்கு நடுவே தோல் தூள் எண்ணெய்ப் பசையோடு அப்பிக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்த்த அன்றே ஓவர்லோடு நின்ற மோட்டார்களும் உண்டு.

நிறுத்தும்போது ஓவர் வோல்டேஜ்

கனமான சக்கரத்தையோ பெரிய விசிறியையோ அவசரமாக நிறுத்தினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை டிரைவுக்கே திருப்பி அனுப்பும். டிசி வோல்டேஜ் 800ஐ நெருங்கித் தாண்டும்போது டிரைவ் நின்றுவிடும். நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது தானாக ஓய்ந்து நிற்க விடுங்கள். உடனே நிற்க வேண்டிய இடம் என்றால், திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் வேண்டும். இதுவரை வராமல் இப்போது வருகிறது என்றால் அந்த ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். பேனலின் மேல் திறந்த வெளியில் இருப்பதால் முனை அரித்து அறுந்திருக்கும். மாற்றும்போது குறிப்பிட்டதைவிடக் குறைந்த ஓம் போட்டால் உள்ளிருக்கும் பிரேக் டிரான்சிஸ்டர் போய்விடும்.

மோட்டார் நின்றிருக்கும்போதே ஓவர் வோல்டேஜ் வந்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு பவர் ஃபேக்டர் பேனலின் கப்பாசிட்டர் சேரும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் டிரைவின் உள்முனையில் ஒரு சோக் போதும். அண்டர் வோல்டேஜ் வந்தால் உள்வரும் மூன்று பேஸ்களையும், ஃபியூஸையும், முனைத் திருகுகளின் இறுக்கத்தையும் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும்.

முனகிக்கொண்டு உதறுகிறது

ஒரு பேஸ் போகவில்லை. டான்ஃபாஸில் அலாரம் 30, 31, 32 என்று எந்தப் பேஸ் என்பதையே சொல்லும். வயர் முனையில் இருக்கும் லக் தளர்ந்திருக்கலாம், ஐசொலேட்டரின் ஒரு தொடுமுனை கரிந்திருக்கலாம். மோட்டாரில் மூன்று சுருள்களின் மின்தடையை அளங்கள். மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பெரிய மோட்டாரில் இந்த அளவு ஓமின் சிறு பகுதி என்பதால் சாதாரண மல்டிமீட்டரில் வேறுபாடு தெரியாது, மில்லிஓம் மீட்டர் வேண்டும். குற்றம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? டிரைவில் மூன்று வயர்களையும் ஒரு முனை தள்ளி மாற்றிப் போடுங்கள். வரிசை மாறாததால் சுழலும் திசையும் மாறாது. காட்டும் பேஸும் கூடவே மாறினால் பழுது வெளியே, மாறாமல் அதே முனையைக் காட்டினால் டிரைவுக்குள். சாதாரண மீட்டரில் டிரைவின் வெளி வோல்டேஜைப் படித்தால் எண் பொய் சொல்லும். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

டிரிப் இல்லை, பேரிங் மட்டும் கத்துகிறது

புதுப் பேரிங் போட்டுச் சில மாதங்களிலேயே ஊளையிடத் தொடங்கினால் கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். அறுத்து வெளி வளையத்தின் உட்புறத்தைக் கழுவிப் பாருங்கள். கோரைப்பாயின் நெசவுபோல் சீரான குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அது கிரீஸ் குறையோ பெல்ட் இறுக்கமோ இல்லை, மின்சாரம் அரித்த தடம். டிரைவின் துடிப்புகள் தண்டில் ஒரு வோல்டேஜை ஏற்றுகின்றன; அது பேரிங்கின் கிரீஸ் படலத்தைத் துளைத்துச் சிறு பொறிகளாகப் பாய்கிறது. எத்தனை பேரிங் மாற்றினாலும் தொடரும். தண்டில் எர்த் பிரஷ், சுமை இல்லாத பக்கம் மின்காப்பிட்ட பேரிங், கவசமிட்ட கேபிள், அந்தக் கவசத்தைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் கிளாண்ட் ஆகியவைதான் மருந்து. கவசத்தை முறுக்கி வால்போல் ஒரு திருகில் மாட்டுவது பெரும்பாலான இடங்களில் காணும் பழக்கம். இந்த உயர் அதிர்வெண்ணுக்கு அது எர்த் இல்லாததற்குச் சமம்.

ஒரே ஒரு வேகத்தில் மட்டும் இயந்திரம் அதிர்ந்தால் பேரிங்கைத் தொட வேண்டாம். அந்த அதிர்வெண்ணைத் தாண்டிப் போகும்படி டிரைவில் ஒரு பாராமீட்டர் உண்டு.

ஓட்டு என்றால் ஓடவில்லை, பழுதும் காட்டவில்லை

லோக்கலா ரிமோட்டா, பாதுகாப்பு நிறுத்த முனைகளில் இணைப்பு இருக்கிறதா, வேகக் கட்டளை சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் முடியும். வேகக் கட்டளையாக 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரவேண்டிய வயர் கடலோரத்தில் துருப்பிடித்துத் துண்டாவது சாதாரணம்.

பேனலுக்குள் உப்பு

டிரைவ் தானே சூடாகி நின்றால் விசிறியையும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளையும் பாருங்கள். பெரும்பாலான டிரைவ்களின் முழுத் திறன் 40 டிகிரி வரைதான். மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பேனலில் அது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். ஆனால் கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேன் வைப்பது கடலோரத்தில் நஞ்சு. உப்புக் காற்றை நேராகக் கார்டின் மேல் ஊதுகிறீர்கள். வாங்கும்போதே கார்டில் பாதுகாப்புப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். கேபிள் நுழையும் துளைகளை அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆலை சில நாள் நின்றாலும் டிரைவுக்கு மின்சாரம் இருக்கட்டும், அந்தச் சிறு சூடே பனி படியாமல் காக்கும். மோட்டாருக்கும் நின்ற நிலையில் சிறிது டிசி அனுப்பி வெதுவெதுப்பாக வைக்கும் வசதி பல டிரைவ்களில் இருக்கிறது. இருந்தும் அதை யாரும் இயக்கிவைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அலமாரியில் ஓராண்டுக்கு மேல் கிடந்த ஸ்பேர் டிரைவை எடுத்து நேராக 415 வோல்ட் கொடுக்க வேண்டாம். கப்பாசிட்டர்களுக்கு வோல்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்க வேண்டும். கையேட்டில் முறை இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. அந்த வாரத்தில் நான் பார்த்த மோட்டார்களில் வெள்ளத்தால் கெட்டதைவிட, வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஓட்டியதால் கெட்டவை அதிகம்.

மூழ்கிய டிரைவுக்கு மின்சாரமே காட்டாதீர்கள். சேறும் உப்பும் புகுந்த கார்டைக் கழுவிக் காயவைத்தாலும் அதை நம்பி ஓர் ஆலையை ஓட்ட முடியாது. மோட்டாரைக் காப்பாற்றலாம். கழற்றி, பேரிங்கை எடுத்துவிட்டு, வைண்டிங்கை நல்ல தண்ணீரால் சேறும் உப்பும் போகும்வரை கழுவுங்கள். கழுவாமல் காயவைத்தால் உப்பு உள்ளேயே தங்கி அடுத்த மழைக்கு மறுபடி ஈரம் வாங்கும். ரீவைண்டிங் கடை அடுப்பில் மெல்ல ஏற்றி 80, 90 டிகிரியில் வைத்து, சில மணிக்கொரு முறை மெக்கர் எடுத்து எழுதுங்கள். தொடக்கத்தில் அளவு ஏறாமல் இறங்கும். வைண்டிங் சூடாவதால் வரும் இறக்கம் அது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிறகு ஏறத் தொடங்கி, ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும். நின்று சில மணி நேரம் மாறாமல் இருந்தால்தான் காய்ந்தது. ஆறியதும் வார்னிஷ் கொடுத்து, மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தி, புதுப் பேரிங்கும் கேஸ்கட்டும் போட்டு, சுமையோடு இணைக்காமல் 10 ஹெர்ட்ஸில் அரை மணி ஓட்டுங்கள். மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் ஒரே அளவு காட்டினால் 50க்கு ஏற்றுங்கள். மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், இன்னொரு முறை மெக்கர் போட்டுப் பார்த்துவிட்டுப் பம்போடு இணையுங்கள்.